மேலாடைச் சிவப்பும் மேனிச் சிவப்பும்

அபிகேல் ஹங்கலை எல்லோரும் மா ஹங்கல் என்றுதான் கூப்பிடுவார்கள். நியூயார்க்கில் உழைப்பாளிகள் வாழும் பகுதியில் மளிகைக்கடை நடத்துபவள். பருத்த உடம்பு, பெரிய கைகள், அதைவிடப் பெரிய குரல். ஒருநாள் அவள் மகளையும் பக்கத்து வீட்டுப் பையனையும் ரவுடிகள் தூக்கிச் சென்றுவிடுகிறார்கள். அவள் சிவப்புக் கம்பளி உள்ளுடையை மாட்டிக்கொண்டு, கண்ணுக்கு ஓட்டை போட்ட சமையல் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்புகிறாள். சூட்டிக்கொண்ட பெயர் ரெட் டொர்னாடோ, சிவப்புச் சூறாவளி. ஷெல்டன் மேயர் படைத்த இந்தப் பாத்திரம் ‘ஆல்-அமெரிக்கன் காமிக்ஸ்’ 20ஆவது இதழில், 1940 நவம்பர் என்று தேதியிட்டு வந்தது. வொண்டர் வுமன் வருவதற்கு ஓராண்டு முன்பு.

அமெரிக்கக் காமிக்ஸின் தொடக்ககாலப் பெண் சாகசக்காரர்களில் ஒருத்தி இவள். ஆனால் காமிக்ஸில் பெண்கள் என்ற பேச்சு எழும்போது இவள் பெயர் அரிதாகவே வருகிறது. காரணம் ஊகிக்க முடியாததல்ல. மேயர் இவளை ஒரு கேலியாகத்தான் படைத்தார். சூப்பர்மேன் கிளப்பிவிட்ட சாகச அலையைப் பார்த்துச் சிரிப்பதற்கு. கதைக்குள் இருப்பவர்களே அந்தப் பாத்திர முகமூடிக்குள் இருப்பது ஆண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாகச நாயகர்கள் சங்கம் முதன்முதலாகக் கூடும் ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ 3ஆவது இதழிலும் அவள் எட்டிப்பார்க்கிறாள். கால்சட்டை கிழிந்துவிட்டதால் உடனே போய்விடுகிறாள். கூட்டம் ஆண்களோடு நடக்கிறது. 1942இல் அந்தச் சங்கத்துக்குள் வொண்டர் வுமன் வந்தபோது அவளுக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு செயலாளர் பதவி: மற்றவர்கள் சண்டைக்குப் போக, அவள் இருந்து குறிப்பெடுக்க வேண்டும்.

என்றாலும் மா ஹங்கலின் சிவப்பில் எனக்கு ஒரு பிடிப்பு உண்டு. அது துணியின் சிவப்பு. வேலைக்குப் போகும்போது போட்டு, வந்ததும் கழற்றித் துவைத்துக் காயப்போடும் சிவப்பு. சூப்பர்மேனின் மேலங்கியும் அப்படித்தான். சட்டைக்கு அடியில் மடித்து மறைத்து அலுவலகம் போகலாம். டேர்டெவில் 1964இல் மஞ்சள் உடையில் வந்தான், மறு வருடம் 7ஆவது இதழில் வாலி வுட் அவனைத் தலை முதல் கால் வரை சிவப்பாக்கினார். அதனால் அவன் குணம் மாறிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. பெயரிலேயே சிவப்பு இருக்கும் வில்லன் ரெட் ஸ்கல்கூட 1941இல் ஒரு முகமூடிக்காரன்தான். ஹெல்பாய் விதிவிலக்கு, அவன் தோலே சிவப்பு. ஆனால் பிறப்பு தனக்கு எழுதிய விதியை மறுத்து, தன் கொம்புகளைத் தானே தேய்த்துச் சிறிதாக்கிக்கொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு.

பெண்களிடம் வரும்போது இந்தச் சிவப்பு துணியை விட்டு உடம்புக்குள் இறங்கிவிடுகிறது. முடியில், உதட்டில், கோபத்தில், ‘இவள் இப்படிப்பட்டவள்’ என்ற தீர்ப்பில்.

இதன் ஒரு பகுதி அச்சுக்கூடத்திலிருந்து வந்தது. மலிவான செய்தித்தாள் காகிதத்தில் நான்கு மைகளால் அச்சாகின இந்த இதழ்கள்: கறுப்பு, மஞ்சள், சிவப்பு, நீலம். சிவப்பு என்று தொழிலில் சொன்னது உண்மையில் மெஜந்தா. ஒவ்வொரு வண்ணத்துக்கும் மூன்று அடர்த்திகள்தான், கால்வாசி, அரைவாசி, முழுசு. எதுவும் இல்லாததையும் ஒன்றாகக் கணக்கிட்டால் நாலு நாலு நாலு, மொத்தம் 64 வண்ணம். வண்ணம் தீட்டுபவர் பக்கத்தின் பிரதியில் சாயம் பூசி, ஓரத்தில் குறியீடு எழுதுவார். மஞ்சளுக்கு ஒய், சிவப்புக்கு ஆர், நீலத்துக்கு பி. முழு மஞ்சளும் முழு மெஜந்தாவும் சேர்ந்தால் ஒய்ஆர். அந்த மட்டக் காகிதத்திலும் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. நாயகர்கள் சிவப்பும் நீலமுமாகத் திரிந்ததற்கு இந்தக் காகிதமும் ஒரு காரணம்.

தலைமுடியும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டது. பழுப்பு என்றால் மூன்று மையும் வேண்டும், கொஞ்சம் பிசகினால் சேறாகிவிடும். நீலப் பளபளப்போடு கறுப்பு ஒன்று, பொன்னுக்கு மஞ்சள் ஒன்று, முழு மஞ்சளோடு பாதிச் சிவப்பு சேர்ந்த செம்முடி ஒன்று. ஒரே முகவெட்டில் வரையப்பட்ட பெண்களை வேறுபடுத்திக் காட்ட இவை கைகொடுத்தன. 1963இல் வந்த ஜீன் கிரேக்குச் செம்முடி. 1967இன் பேட்கேர்ல் பார்பரா கார்டனுக்கும் செம்முடி. பிளாக் விடோ 1964இல் அறிமுகமானபோது கறுப்பு முடிக்காரி; 1970இல் உடம்போடு ஒட்டிய புது உடை கொடுத்தபோது முடியையும் சிவப்பாக்கினார்கள். இங்கே காகிதத்தின் நிர்ப்பந்தம் எதுவும் இல்லை, கறுப்பு நன்றாகவே அச்சாகிக்கொண்டிருந்தது. உளவாளி, மயக்குபவள், ஆபத்தானவள் என்று வாசகனுக்கு ஒரே பார்வையில் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு குறியீடும் உண்டு: ஒய்2ஆர்2. கால்வாசி மஞ்சள், கால்வாசிச் சிவப்பு. வெள்ளையர் தோலுக்கான நிரந்தரச் சூத்திரம் அது. கறுப்பினத்தவரின் தோலுக்கு நெடுங்காலம் சாம்பலும் சேற்றுப் பழுப்புமாக ஏதோ ஒன்றைக் கலந்துகொண்டிருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்ப் பெண் பார்க்கும் பேச்சு நினைவுக்கு வந்தது. “பொண்ணு நல்ல சிவப்பு” என்று நாம் சொல்வதும் கால்வாசிச் சிவப்பைத்தானே.

சரி, இந்தச் சிவப்பைக் கையால் வைத்தது யார்? குறியீடு எழுதிய பக்கங்கள் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகருக்குப் போயின. அங்கே ஒரு பக்கத்துக்கு ஒன்பது அசிடேட் தாள்கள் வரை வைத்துக்கொண்டு, இந்தக் கட்டத்தில் கால்வாசிச் சிவப்பு, அந்தக் கட்டத்தில் முழு மஞ்சள் என்று ஒளி புகாத மையால் ஒவ்வொரு இடமாக அடைத்தார்கள். பல பத்தாண்டுகள் நடந்த வேலை இது. செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். எந்த நிறத்துக்கான தாளாக இருந்தாலும் கண் முன்னால் இருந்தது ஒரே மைதான். நிறம் அச்சில்தான் தெரியும். சூப்பர்மேனின் மேலங்கியை ஆயிரக்கணக்கான முறை அடைத்தவர்கள் சிவப்பைத் தொடாமலே சிவப்பை உண்டாக்கினார்கள். அவர்கள் பெயர் எந்த இதழிலும் இல்லை. வண்ணம் தீட்டியவர் பெயரே 1970களில்தான் முதல் பக்கத்தில் முறையாக வரத் தொடங்கியது. பீடி சுற்றும் பெண்களையும் தீப்பெட்டி ஒட்டும் பெண்களையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. வண்ணம், அலங்காரம், நுண்வேலை என்றால் பெண்ணின் கை. கையெழுத்து என்றால் ஆணின் கை.

பெயர் தெரிந்தவர்களும் உண்டு. அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் மேரி செவெரின். 1949 வாக்கில் ஈசி நிறுவனத்துக்கு வந்து, அதன் திகில் இதழ்களுக்கும் குற்றக்கதை இதழ்களுக்கும் வண்ணம் தீட்டியவர். கோரமான கட்டங்களை அவர் சில சமயம் ஒரே அடர்நீலத்தில் மூழ்கடித்துவிடுவார். தணிக்கை செய்கிறார் என்று அலுவலகத்தில் கேலி பேசினார்கள். அவர் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. ரத்தம் இருக்க வேண்டிய இடத்தில் நீலத்தை வைத்த அந்தக் கையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் 1954 ஏப்ரல் 21 நினைவுக்கு வருகிறது.

அன்று நியூயார்க்கில் செனட் துணைக்குழு முன்னால் ஈசி உரிமையாளர் வில்லியம் கெய்ன்ஸ் உட்கார்ந்திருந்தார். செனட்டர் எஸ்டஸ் கெஃபாவர் ‘கிரைம் சஸ்பென்ஸ்டோரிஸ்’ 22ஆவது இதழின் அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒரு கையில் கோடரி, மறு கையில் முடியைப் பற்றிய ஒரு பெண்ணின் தலை. இது ரசனைக்கு உகந்ததா என்பது கேள்வி. திகில் இதழின் அட்டைக்கு உகந்ததுதான் என்றார் கெய்ன்ஸ். தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் ரசனைக் கேடு. வாயிலிருந்து ரத்தம் வருகிறதே என்றார் செனட்டர். கொஞ்சம்தான் என்றார் கெய்ன்ஸ்.

காமிக்ஸ் வரலாற்றில் இது கருத்துச் சுதந்திரத்தின் துயர நாளாகச் சொல்லப்படுகிறது. இருக்கலாம். ஆனால் அந்த உரையாடலை மறுபடி படியுங்கள். இரண்டு ஆண்கள் சிவப்பின் அளவைப் பற்றிப் பேரம் பேசுகிறார்கள். வெட்டப்பட்டது ஒரு பெண்ணின் தலை என்பதைச் செனட்டர் சொல்கிறார், ஆனால் பேரம் அதைப் பற்றியதல்ல. அதே ஆண்டு வந்த காமிக்ஸ் நெறிமுறை அளவுக்கு மீறிய ரத்தத்தைத் தடைசெய்தது, பெண்களின் அங்கங்களை மிகைப்படுத்தி வரையக்கூடாது என்றது, கூடவே திருமணத்தின் புனிதத்தையும் காக்கச் சொன்னது.

அந்த நெறிமுறை தளர்ந்த பிறகு வந்தவள் ரெட் சோன்யா. இவளுக்கு ஒரு மூத்தவள் உண்டு. ராபர்ட் ஈ. ஹோவர்ட் 1934இல் வெளியிட்ட ஒரு சிறுகதையில், 1529ஆம் ஆண்டு துருக்கிய முற்றுகைக்குள் சிக்கிய வியன்னாவில் வரும் ரொகாடினோவின் சிவப்புச் சோன்யா. தொடை வரை உயர்ந்த தோல் காலணி, தொளதொளத்த கால்சட்டை, இரும்புவலைச் சட்டை, இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கிகள், ஒரு குத்துவாள், ஒரு நீள்வாள். முடி சிவப்பு, தோளில் அலட்சியமாகப் போட்ட மேலங்கியும் சிவப்பு. கதாநாயகனை அடிக்கடி காப்பாற்றுகிறாள், திட்டியும் தீர்க்கிறாள். அவள் ஏன் போரிடுகிறாள் என்பதற்கு அவள் உடம்புக்கு நேர்ந்த எதையும் ஹோவர்ட் காரணமாக்கவில்லை. அவளுக்குப் போர் தெரியும், போரிடுகிறாள்.

ராய் தாமஸும் பாரி ஸ்மித்தும் 1973 பிப்ரவரியில் ‘கோனன் தி பார்பேரியன்’ 23ஆவது இதழில் அவளைக் கற்பனையுகம் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். துப்பாக்கிகள் போயின. இரும்புச் சட்டை அப்போதைக்குத் தப்பியது. மறு வருடம் எஸ்டபன் மரோட்டோ என்ற ஸ்பானிய ஓவியர் யாரும் கேட்காமலே ஒரு படம் வரைந்து அனுப்பினார். செதில் செதிலான உலோக பிகினியில் சோன்யா. அதோடு சட்டையும் போனது. வாள் குத்தும் இடமெல்லாம் திறந்து கிடக்கும் இந்தப் போர்க்கவசத்தை இன்றுவரை அவள் முழுதாகக் கழற்ற முடியவில்லை. துணி குறையக் குறையச் சிவப்பு முடி நீண்டுகொண்டே போனது.

1975இல் அவளுக்கு ஒரு பிறப்புக் கதையும் கொடுத்தார்கள். குடும்பத்தைக் கொன்ற கூலிப்படையினரின் தலைவன் அவளை வன்புணர்வு செய்கிறான். ஒரு தெய்வம் தோன்றி வலிமை தருகிறது, நிபந்தனையோடு: நேர்மையான போரில் அவளைத் தோற்கடிப்பவனைத் தவிர வேறு ஆணோடு அவள் சேரக்கூடாது. இப்போது அந்தச் சிவப்பு வலிந்து கொண்டுவரப்பட்ட ரத்தத்தின் சிவப்பு. அவளுடைய வாள்வீச்சு அவளுடையதல்ல, கற்பை ஈடு வைத்து வாங்கிய கடன். அவளை நெருங்கும் ஒவ்வொரு ஆணுக்கும் அவளை வெல்வது ஒரு பந்தயமாகிறது. ஆணை அண்டவிடாத அல்லியைப் பாம்பாக நுழைந்து தாலி கட்டி அடக்கும் அருச்சுனன் கதையைக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இது புதிதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த பிகினியையும் பெண்கள் தமக்கென எடுத்துக்கொண்டார்கள். 1970களின் காமிக்ஸ் மாநாடுகளில் சோன்யாவாக மேடையேறிய வெண்டி பினி, 1978இல் கணவரோடு சேர்ந்து ‘எல்ஃப்குவெஸ்ட்’ என்ற தன் சொந்த உலகத்தையே வரையத் தொடங்கினார். 2013இல் கெயில் சிமோன் சோன்யாவை எழுத வந்தபோது வன்புணர்வையும் சபதத்தையும் கதையிலிருந்து எடுத்துவிட்டார். அவருடைய சோன்யா குடிப்பாள், ஏப்பம் விடுவாள், ஆசைப்பட்டவரோடு படுப்பாள். நாற்பது ஆண்டுகள் சுமந்த காரணம் போனபிறகும் அவள் வாள் முன்போலவே வீசியது. இது ஒன்றே அந்தப் பழைய கதைக்குப் போதுமான விமர்சனம் என்பேன்.

ஜீன் கிரேயைப் பற்றிச் சுருக்கமாக. ஃபீனிக்ஸ் ஆனபோது அவள் உடை பச்சையும் பொன்னும். 1980இல் அவள் சக்தி கைமீறி ஆசையும் வெறியுமாகப் பெருகும்போது பச்சை சிவப்பாகிறது. மொத்தமும் அப்படியே இருக்க, நிறம் மட்டும் தீர்ப்பு எழுதுகிறது. அவள் ஒரு கோளையே அழித்துவிட்டதால் தண்டனை வேண்டும் என்றார் பதிப்பாசிரியர் ஜிம் ஷூட்டர். 137ஆவது இதழில் செத்துப்போனாள். அந்தக் காலத்து எக்ஸ்-மென் இதழ்கள் பெரும்பாலானவற்றுக்கு வண்ணம் தீட்டியவர் கிளினிஸ் வெய்ன், ஒரு பெண்.

மா ஹங்கலின் பெயர் என்னவாயிற்று? 1968 ஆகஸ்டில் ‘ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா’ 64ஆவது இதழில் ரெட் டொர்னாடோ திரும்பி வந்தது, சிவப்பு முகத்தோடு, ஆண் உருவில், ஓர் இயந்திர மனிதனாக. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் வாசகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவன் அவன்தான்.

மேரி செவெரின் பிறகு மார்வெலில் வண்ணப் பிரிவை நடத்தினார், ஓவியராகவும் பெயர் வாங்கினார். 1977இல் ஸ்பைடர்-வுமன் என்ற புதுப் பாத்திரத்துக்கு அவர் உடை வடிவமைத்தார். கழுத்து முதல் கால்வரை மூடிய சிவப்பு, நடுவில் மஞ்சள். முகமூடி தலையை முழுக்க மூடியிருந்தது. ஒரு மயிரிழைகூட வெளியே தெரியாது. மறு வருடம் அவளுக்குத் தனி இதழ் தொடங்கியபோது முகமூடியின் பின்பக்கத்தைத் திறந்து, நீண்ட முடியை வெளியே விட்டார்கள்.