நின்று நின்று நடப்பவர்

இடுப்பில் தொடங்கிக் கணுக்கால் வரை இழுக்கும் வலியை நம்மில் பலர் அறிவோம். 'நரம்பு வலி' என்று சொல்லித் தைலம் தேய்த்துக் கொள்கிறோம். பெரும்பாலும் அது நரம்பு வலிதான். 1764ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் கொத்துன்யோ அதனை நரம்பின் நோய் என்று எழுதினார். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதை 1934இல் பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் விளக்கினர்.

ஆனால், சிலருக்குக் காரணம் நரம்பு அன்று, இரத்தக் குழாய். இதை முதலில் உணர்த்தியது ஒரு குதிரை! 1831இல் பிரான்சு நாட்டுக் கால்நடை மருத்துவர் பூலே, குதிரையொன்று சற்று ஓடியதும் பின்னங்கால் நொண்டுவதையும், ஓய்வெடுத்தால் தேறுவதையும் கண்டார். அது இறந்தபின் அறுத்துப் பார்த்தார். தொடைக்குச் செல்லும் தமனிகள் அடைபட்டிருந்தன. 1858இல் பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோ, இந்நோய் மனிதருக்கும் உண்டென்று எடுத்துரைத்தார். 1940இல் லெரிஷ் என்ற அறுவை மருத்துவர், வயிற்றின் பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் ஏற்படும் அடைப்பைப் பற்றி எழுதினார். அவ்வடைப்பால் இடுப்பும் பிட்டமும் தொடையும் வலிக்கும். அதனை நரம்பு வலி என்று எண்ணிவிடுவது எளிது.

துருவேறிய குழாய் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் தரும். லயம் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்தால் போதாது. அதுபோலவே, ஓய்விலிருக்கும் தசைக்குப் போதிய இரத்தம், நடக்கும் தசைக்குப் போதாது. ஆகவே, நடந்தால் வலிக்கும். சும்மா நின்றாலே சில நிமிடங்களில் தணியும். ஏறக்குறைய அதே தூரம் நடந்ததும் மீண்டும் வரும். பாதம் சில்லிடும்; அங்கே நாடித்துடிப்பு மங்கும். முதுகெலும்புக் கால்வாய் குறுகியவர்களுக்கும் நடந்தால் வலிக்கும். ஆனால், அவர்களுக்கு உட்கார்ந்தால் அல்லது முன்னே குனிந்தால்தான் ஆறுதல் கிடைக்கும்.

வெண்சுருட்டுப் பிடிப்பவர்களும் இனிப்பு நீர் உள்ளவர்களும் கூடுதல் விழிப்புடன் இருக்க வேண்டும். கால் திடீரென வெளுத்துச் சில்லிட்டு வலித்தால், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வேலைக்குப் போகும் வழியில் நின்று நின்று நடப்பவரைச் 'சோம்பேறி' என்று ஏசுவது நம்மிடையே உள்ள வழக்கம். அந்தக் குதிரையும் சோம்பலால் நிற்கவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், மருத்துவரிடம் அழைத்துச் சென்று, "இவர் பாதத்தின் நாடியையும் பாருங்கள்" என்று கேளுங்கள்.