ஒட்சிசன் எண்டால் புளிப்பு

ஜேர்மனியில் நான் வேலை செய்வது ஒரு இரும்புத் தொழிற்சாலையில். வேலைக்குச் சேர்ந்த முதற் கிழமை பாதுகாப்பு வகுப்பு வைத்தார்கள். வெல்டிங் செய்கிற மூலையில் ஆளுயரச் சிலிண்டர்கள் நிரையாக நின்றன. ஒன்றில் 'சவர்ஸ்ரொவ்' என்று எழுதியிருந்தது. அப்போது எனக்குத் தெரிந்த ஜேர்மன் சொற்களை விரல் விட்டு எண்ணலாம். அதிலே 'சவர்' ஒன்று, ஏனென்றால் கடையில் விற்கிற புளிச்ச கோவாவின் பெயர் சவர்கிறவுட். 'ஸ்ரொவ்' எண்டால் பொருள். புளிப்புப் பொருளுக்கு வெல்டிங்கில என்ன வேலை எண்டு மண்டையைக் குழப்பிக்கொண்டு நிண்டனான். பிறகுதான் கீழே 'ஓ' என்ற ஆங்கில எழுத்தையும் பக்கத்தில் சின்ன 2ஐயும் கண்டேன். அட, எங்கட ஒட்சிசன்!

உயர்தரத்தில் இரசாயனவியலைத் தமிழிலேயே படித்தவன் நான். அந்தச் சான்றிதழை இங்கே ஒரு அலுவலகத்திலும் திரும்பிப் பார்க்கவில்லை, அது வேறு கதை. 'தமிழில சயன்ஸ் படிச்சு என்னத்தைக் கண்டனீ' என்று எங்கட ஆக்களே கேட்டிருக்கினம். ஆனால் அந்தப் புளிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடப்போய் அறிந்த கதையை இந்த மலரில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

1774இல் இங்கிலாந்தில் பிறீஸ்ற்லி என்பவர் இந்த வாயுவைப் பிரித்தெடுத்தார். சுவீடனில் ஷேலே என்பவரும் தனியாகக் கண்டுபிடித்து அதற்கு 'நெருப்புக் காற்று' என்று பெயர் வைத்திருந்தார். ஆளுக்கொரு பெயர். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பிரான்சில் லவோசியேயும் மூன்று நண்பர்களும் சேர்ந்து 1787இல் இரசாயனப் பெயரிடும் முறை பற்றி ஒரு நூலை வெளியிட்டார்கள். ஒரு பொருளின் பெயரைக் கேட்டால் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும், இதுதான் அவர்களின் கொள்கை. பெயர்களுக்கு வேரை எடுத்தது கிரேக்கத்திலும் லத்தீனிலும். கிரேக்கத்தில் 'ஒக்சிஸ்' என்றால் கூர்மை, புளிப்பு. அமிலங்கள் எல்லாவற்றையும் உண்டாக்குவது இந்த வாயுதான் என்று லவோசியே நம்பியபடியால், 'அமிலத்தை உண்டாக்குவது' என்ற பொருளில் ஒட்சிசன். நீரை உண்டாக்குவது ஐதரசன்.

அந்த நம்பிக்கை பிழை. 1794இல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர் லவோசியேயின் தலையை வெட்டிவிட்டார்கள். பிழை வெளிப்பட்டதைக் காண அவர் இருக்கவில்லை. 1810இல் இங்கிலாந்தில் டேவி, குளோரீன் ஒரு தனி மூலகம் என்று காட்டினார். ஐதரோக்குளோரிக்கமிலத்தில் ஐதரசனும் குளோரீனும்தான், ஒட்சிசன் மருந்துக்கும் இல்லை! சரியாகப் பார்த்தால் 'அமிலம் உண்டாக்கி' என்ற பட்டம் ஐதரசனுக்குத்தான் பொருந்தும். ஆனால் அதற்குள் பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது.

பரவிய விதந்தான் அதிசயம். ஜேர்மன்காரர் கிரேக்கச் சொல்லை எடுக்கவில்லை, தங்கட மொழியில் சவர்ஸ்ரொவ் ஆக்கினார்கள். டச்சுக்காரரும் அப்படியே. டச்சு நூல்கள் வழியாகத்தான் அக்காலத்தில் ஐரோப்பிய விஞ்ஞானம் ஜப்பானுக்குப் போனது. அங்கே உதகவா யோஆன் என்ற அறிஞர் 1837இல் வெளிவரத் தொடங்கிய தன் இரசாயன நூலில் அதைச் சீன எழுத்துக்களால் 'சான்சோ' என்று ஆக்கினார். அதன் பொருளும் அமில மூலகம். கிரேக்கச் சொல்லில் ஓரெழுத்துக்கூட யப்பானுக்குப் போகவில்லை, பிழை மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது! தப்பியது டென்மார்க். அங்கே ஏர்ஸ்ரெட் என்பவர் நெருப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'இல்ட்' என்று ஒரு பெயரை உண்டாக்கினார்.

இவ்வளவு பெயர் இருந்தும் சிலிண்டரில் அந்த எழுத்தை நான் எப்படி அறிந்தேன்? 1813 அளவில் சுவீடன் நாட்டு பெர்சிலியஸ், மூலகங்களின் லத்தீன் பெயரின் முதலெழுத்தைக் குறியீடாக வைத்தார். ஜேர்மன்காரனும் டேனிஷ்காரனும் யப்பான்காரனும் வாயால் என்ன சொன்னாலும் கையால் எழுதுவது அதைத்தான். நானும் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் எழுதினேன்.

இனி எங்கட பக்கம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். அவரது முயற்சியில் 1875இல் வந்த இரசாயன நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. ஐரோப்பியச் சொல்லுக்கு ஒரு 'அம்' போட்டு எங்கட சொல்லாக்கிவிட்டார்கள். உதகவாவும் டச்சுச் சொல்லைத்தான் 'செய்மி' என்று எடுத்தார். இரண்டு சொல்லும் நிலைக்கவில்லை. அங்கே 'ககாகு' வந்தது, இங்கே இரசாயனவியல் வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கையில் விஞ்ஞானத்தைத் தமிழில் படிப்பிக்க வேண்டி வந்தபோது, கலைச்சொல் ஆக்கிய எங்கட அறிஞர்கள் சர்வதேசப் பெயரைத் தமிழ் ஓசைக்கு வளைத்தார்கள். ஒட்சிசன், ஐதரசன், நைதரசன். தமிழ்நாட்டுக்காரர் கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 'ஒட்சியேற்றம்' என்ற சொல்லைப் பாருங்கோ: தலை கிரேக்கம், உடம்பு தமிழ். எனக்குப் பிடித்தது காபனீரொட்சைட்டு. காபன், கரியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஈர், சுத்தத் தமிழ் இரண்டு. ஒட்சைட்டுக்குள் கிரேக்கப் புளிப்பு. மூன்று மொழி ஒரு சொல்லுக்குள் முட்டுப்படாமல் இருக்குது.

போன மாதம் மகள் ஏழாம் வகுப்பு இரசாயனக் கொப்பியைக் கொண்டுவந்தாள். 'கோலன்டிஒக்சீட்' என்று எழுதியிருந்தாள். கீழே காபனீரொட்சைட்டு என்று எழிதிக் காட்டினேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளை, விரலை வைத்துத் துண்டு துண்டாக வாசித்தாள். 'கோலன் எண்டால் கரி, காபன் எண்டாலும் கரி. ஈர் எண்டால் டி. அப்ப இது ரெண்டும் ஒரே மாதிரித்தானே செய்து கிடக்கு அப்பா?' ஓமெண்டு சொன்னேன். பிறகு, சவர்ஸ்ரொவ்வில் ஏன் புளிப்பு என்று கேட்டாள். லவோசியேயிலிருந்து தொடங்க வேண்டியதாய்ப் போச்சு. அண்டைக்குச் சாப்பிட ஒன்பது மணி.