பக்தபூரில் ஒரு கோயில்

நேபாள நாட்டின் தொன்னகராம் பக்தபூரை அடைந்த நாம், ஐந்தடுக்குக் கூரையுடைய நியாதபோலா கோயிலின் முன் வியந்து நின்றோம். மல்ல மரபின் பூபதீந்திர மன்னர் 1702-ஆம் ஆண்டில் எழுப்பியது இது. ஐந்து மேடைகளின் மீது செங்கல்லாலும் மரத்தாலும் அமைந்தது. படிகளின் இருமருங்கும் மற்போர் வீரர், யானை, சிங்கம், யாளி, பெண் தெய்வம் எனக் காவல் இணைகள் உள்ளன. மேலேற மேலேற ஒவ்வோர் இணையும் முன்னதினும் பதின்மடங்கு வலியது என்பர்.

1934, 2015 ஆகிய ஆண்டுகளின் பெருநிலநடுக்கங்களிலும் இக்கோயில் வீழவில்லை. அரண்மனைச் சதுக்கத்திலிருந்த வத்சலா துர்க்கையின் கற்கோயிலோ 2015-இல் சரிந்து வீழ்ந்தது. ஆயினும் நகரத்தார் சோர்ந்திலர். அதனைப் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பினர். முன்னோர் தந்ததைக் காத்தல் என்பது, வீழ்ந்தபின் எடுத்து நிறுத்தும் உழைப்பும் ஆகும் என அங்கு உணர்ந்தோம்.