விளக்கப்படச் செயல்பாடுகள் (மழலையர் கல்வி)

குழந்தைகள் தாங்களே திரட்டிய தகவல்களை வரிசையாக அடுக்கி, எண்ணி, ஒப்பிட்டுப் பேசும் கணிதச் செயல்பாடுகள் விளக்கப்படச் செயல்பாடுகள் எனப்படும். இவை மழலையர் வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரை பெரிதும் பயன்படுகின்றன. வகைப்படுத்துதல், ஒன்றுக்கு ஒன்று பொருத்துதல், எண்ணுதல், ஒப்பிடுதல் ஆகிய திறன்கள் இவற்றில் ஒருசேர வளர்கின்றன.

மூன்று நிலைகள்

அமெரிக்கக் கல்வியாளர் மேரி பராட்டா-லார்ட்டன் 1976-இல் வெளியிட்ட 'மேத்தமேட்டிக்ஸ் தேர் வே' என்ற ஆசிரியர் கையேடு இச்செயல்பாடுகளைப் பொருள், படம், குறியீடு என்னும் வரிசையில் அமைத்தது. முதல் நிலையில் உண்மையான பொருள்களே அடுக்கப்படும். வாழைப்பழம், கொய்யா, மாம்பழம் ஆகியவற்றில் தனக்குப் பிடித்ததை ஒவ்வொரு குழந்தையும் அதற்குரிய வரிசையில் வைக்கும். இரண்டாம் நிலையில் பழத்துக்குப் பதிலாக அதன் படம் ஒட்டப்படும். மூன்றாம் நிலையில் வண்ணம் தீட்டிய சதுரமோ நேர்கோட்டுக் குறியோ பழத்தைக் குறிக்கும். பட்டை விளக்கப்படத்துக்கு முந்தைய படி இதுவே.

கட்டங்களின் தேவை

தரையில் சம அளவுக் கட்டங்கள் வரைந்து, ஒரு கட்டத்துக்கு ஒரு பொருள் என வைக்க வேண்டும். எண்ணிக்கை மாறாவிட்டாலும் பரவலாக நீண்ட வரிசையில்தான் கூடுதலாக இருப்பதாகச் சிறு குழந்தைகள் கருதுவதை உளவியலாளர் ஜான் பியாஜே காட்டியுள்ளார். பொருள்கள் பெரிதும் சிறிதுமாக இருந்தால் இக்குழப்பம் மிகும். வரிசைகள் ஒரே கோட்டில் தொடங்குவதும், கட்டங்கள் சமமாக இருப்பதும் ஒப்பீட்டைச் சரியாக்கும்.

வினாக்கள்

விளக்கப்படத்தைப் புரிந்துகொள்வதில் மூன்று படிகள் உள்ளன என்று ஆய்வாளர் பிரான்சிஸ் கர்சியோ 1987-இல் வகுத்தார். "எத்தனை பேருக்குக் கொய்யா பிடிக்கும்?" என்பது தகவலைப் படிப்பது. "கொய்யாவைவிட மாம்பழம் எத்தனை கூடுதல்?" என்பது தகவல்களுக்கு இடையே படிப்பது. "இன்று வராத இருவரும் வந்தால் படம் எப்படி மாறும்?" என்பது தகவலுக்கு அப்பால் படிப்பது. "எத்தனை கூடுதல்?" என்பது சிறுவர்களுக்குக் கடினமான வினா. இணைசேராத கட்டங்களை விரல் வைத்து எண்ணும்போது கழித்தலின் பொருள் அவர்களுக்கு எளிதில் விளங்கும்.

வகுப்பறையில்

இரண்டு வரிசைகளில் தொடங்கி மூன்று, நான்கு எனக் கூட்டுவது நல்லது. வானிலை, பள்ளிக்கு வரும் விதம், பிறந்த மாதம் போன்ற தலைப்புகள் எளிதில் கிடைக்கும். விடை முன்பே தெரிந்த வினாவைவிட, குழந்தைகளுக்கே அறிய ஆவல் உள்ள வினா சிறந்தது. படத்தை அழகாக முடித்துச் சுவரில் ஒட்டுவதோடு ஆசிரியர் நின்றுவிடக் கூடாது. அதன் முன் அமர்ந்து குழந்தைகள் பேசும் நேரமே இச்செயல்பாட்டின் முதன்மையான பகுதி.