துண்டு மரமும் மிம்பரும்

சேலம் அம்மாபேட்டை நெசவாளர் ஊர். தறி இருக்கும் இடத்தில் தச்சருக்கும் வேலை உண்டு. சட்டங்களை அறுத்தபின் பட்டறையில் எஞ்சும் கட்டைகளைத் தச்சர் உடனே அடுப்பிலிடுவதில்லை. நீண்டது முளையாகும், தடித்தது கைப்பிடியாகும், மெலிந்தது ஆப்பாகும். எதற்கும் ஆகாததே விறகாகும். இதனை ஏழ்மையின் பழக்கம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். இஸ்லாமிய உலகின் ஒப்பற்ற மரவேலைகள் சில இதே சிக்கனத்தில் வளர்ந்தவை என்பதைப் பலர் அறியார்.

எகிப்தாகிய மிஸ்று நாட்டில் நல்ல மரம் அரிது. பேரீச்சையும் வேலமரமும் அகன்ற பலகை தரமாட்டா. கடல் கடந்து வந்த மரமோ விலை மிகுந்தது. ஆதலின் காஹிரா நகரத் தச்சர் விரற்கடைத் துண்டையும் வீணாக்கவில்லை. சிறு கட்டைகளைக் கடைசல் பிடித்து, ஒன்றன் துளையில் மற்றொன்றன் முனையைச் செருகிச் சாளரம் முழுவதையும் பின்னிவிட்டனர். மஷ்ரபிய்யா எனப்படுவது இதுவே. காற்று உள்ளே வரும். தெருவில் செல்வோர் பார்வை வராது. குடிநீர்ச் சாடிகளை அங்கே குளிர வைத்ததால் இப்பெயர் வந்தது என்பர்.

சிக்கனம் மட்டும் காரணமன்று. மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். அகன்ற பலகை வளைந்து வெடித்துவிடும். சிறு துண்டுகளைக் காடிக்குள் சற்றே தளர்வாக நிறுத்தினால், ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே அசைந்துகொள்ளும். நம்மூர்த் தச்சரும் கதவு செய்கையில் அறிந்திருக்கும் உண்மைதான் இது!

இக்கலையின் சிகரமாக விளங்கியது ஒரு மிம்பர். பைத்துல் முகத்தஸ் சிலுவைப் படையினர் வசமிருந்த காலத்தில், அது மீளும் நாளை எண்ணி, சுல்தான் நூருத்தீன் ஸங்கி ஹிஜ்ரி 564-இல் (கி.பி. 1168-69) அதனை ஹலப் நகரில் செய்யப் பணித்தார். ஆணியும் பசையுமின்றி, ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள் ஒன்றையொன்று கவ்வி நின்றன. 1174-இல் அவர் மறைந்தார். 1187-இல் நகரை மீட்ட ஸலாஹுத்தீன் அய்யூபி அம்மிம்பரை வரவழைத்து மஸ்ஜிதுல் அக்ஸாவில் நிறுவினார். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் அது நின்றது. 1969 ஆகஸ்ட் 21 அன்று ஆஸ்திரேலியர் ஒருவர் வைத்த தீ அதனை அழித்தது.

துயரம் அத்துடன் முடியவில்லை. மீண்டும் செய்ய ஜோர்தான் முனைந்தபோது பொருளும் மரமும் கிடைத்தன; பொருத்தும் வித்தை அறிந்தவர் எளிதில் கிடைக்கவில்லை. பழைய நிழற்படங்களை வைத்துக்கொண்டு, எந்தத் துண்டு எந்தக் கோணத்தில் எதனோடு இணைந்தது என்று கணக்கிட வேண்டியதாயிற்று. துருக்கி, எகிப்து, இந்தோனேசியா முதலிய நாடுகளின் கைவினைஞர் ஜோர்தானின் ஸல்த் நகரில் ஒன்றுகூடினர். 16,000-க்கும் மேற்பட்ட துண்டுகளால் உருவான புதிய மிம்பர் 2007-இல் அக்ஸாவில் இடம்பெற்றது. தீ நடந்து ஏறத்தாழ முப்பத்தெட்டு ஆண்டுகள் சென்றிருந்தன.

பழைய மிம்பரில் தீக்குத் தப்பிய துண்டுகளை எவரும் எறிந்துவிடவில்லை. ஹரம் ஷரீபின் அருங்காட்சியகத்தில் அவை பாதுகாக்கப்பட்டு வருகின்றன.