தலைவலி இல்லைன்னா பிரஷரும் இல்லையா? புதுக்கோட்டை குடும்பங்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

“தலைவலி இல்ல, மயக்கம் இல்ல. அப்புறம் எதுக்கு பிரஷர் பார்க்கணும்?” அறந்தாங்கியோ ஆலங்குடியோ, பல வீடுகளில் கேட்கிற பேச்சுதான் இது. ஆனால் உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகம் முழுவதும் 30 முதல் 79 வயதுக்குட்பட்ட 128 கோடி பேருக்கு உயர் ரத்த அழுத்தம் உள்ளது. இவர்களில் சுமார் 46 சதவீதம் பேருக்கு அது இருப்பதே தெரியாது. தெரியாமலே ஆண்டுக்கணக்கில் விட்டால் மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு வரை போகலாம்.

எவ்வளவு இருந்தால் அதிகம்?

மேல் எண், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம். கீழ் எண், இதயம் தளரும்போது உள்ள அழுத்தம். வெவ்வேறு 2 நாட்களில் பார்த்தும் மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90-ஐத் தொட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு முறை கூடுதலாகக் காட்டியதற்காகப் பதற வேண்டாம்.

சரியாகப் பார்ப்பது எப்படி?

• அரை மணி நேரத்துக்கு முன்பு டீ, காபி, சிகரெட் கூடாது.
• சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது.
• முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள்.
• கை இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும், பேச வேண்டாம்.
• ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பாருங்கள்.

எங்கே பார்க்கலாம்?

அருகில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பரிசோதனை செய்கிறார்கள். நடமாட முடியாதவர்கள், வயதானவர்களுக்கு மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது. சந்தேகம் இருந்தால் 104-க்கு அழைத்துக் கேட்கலாம்.

‘நார்மல் ஆயிடுச்சு, மாத்திரையை நிறுத்திடலாமா?’

கூடாது. மாத்திரை வேலை செய்வதால்தான் எண் குறைந்திருக்கிறது. டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் பிரஷர் மறுபடி ஏறும். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடுவதும் ஆபத்து.

சமையலறையில் என்ன மாற்றலாம்?

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும். அதாவது ஒரு டீஸ்பூன் கூட நிரம்பக் கூடாது. குழம்பில் போடுவது மட்டும் கணக்கில்லை. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, சிப்ஸ், நூடுல்ஸ் எல்லாமே இதில் சேர்த்திதான். பாக்கெட்டில் ‘சோடியம்’ எவ்வளவு என்று பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். 2,000 மில்லிகிராம் சோடியம் என்றால் 5 கிராம் உப்பு.

உடற்பயிற்சிக்கு ஜிம் வேணுமா?

வேண்டாம். வாரத்தில் 5 நாள், தினம் 30 நிமிடம் வேகமாக நடந்தால் போதும். சைக்கிளும் நல்லது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்ட மாவட்டம் இது. ஷெட்டில் சும்மா நிற்கும் சைக்கிளை வெளியே எடுங்க!

எப்போது உடனே ஓட வேண்டும்?

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராமல் போவது, பேச்சு குழறுவது. இதில் ஒன்று திடீரென வந்தாலும் 108-ஐ அழையுங்கள். ரத்தக்குழாய் அடைப்பால் வந்த பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். ‘காலையில பார்த்துக்கலாம்’ என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு கை நழுவிவிடும்.

வீட்டில் இருக்கும் இளைஞர்கள் இந்த வாரமே ஒரு வேலை செய்யலாம். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என எல்லோரையும் கூட்டிப் போய் பிரஷர் பார்த்து, எண்ணையும் தேதியையும் செல்போனில் குறித்து வையுங்கள். 18 வயது தாண்டியிருந்தால் உங்களுக்கும் பார்த்துவிடுங்கள்.