குழந்தை உளச்சிகிச்சையிற் பலகை விளையாட்டு: ஒரு வரலாற்று நோக்கு

'விளையாட்டு வினையாகும்' என்பது நம்மிடையே எச்சரிக்கையாக வழங்கும் பழமொழி. பலகையொன்றை விரித்துக் காய் நகர்த்தும் ஆட்டம் குழந்தையின் மனத்துயர் தீர்க்கும் நல்வினையாகவும் அமையலாம் என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மருத்துவ உலகின் கவனத்தைப் பெறலாயிற்று. விளையாட்டின் வழியாகக் குழந்தைகளுக்கு உளச்சிகிச்சை அளிக்கும் முறை அதற்கு முன்னரே தோன்றிவிட்டது. எனினும், விதிகளையுடைய பலகை விளையாட்டு அச்சிகிச்சை அறையின் வாயிலில் நெடுங்காலம் காத்து நின்றது. அது ஏன் காத்து நின்றது, பின்னர் எவ்வாறு உட்புகுந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பலகையின் துணைகொண்டு குழந்தையைத் திருத்தலாம் என்ற எண்ணம் பழமையானது. வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடப்பட்டுவந்த பரமபதத்தில் ஏணிகள் நற்குணங்களையும் பாம்புகள் தீக்குணங்களையும் குறித்தன. இவ்வகையான இந்திய ஆட்டமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திற் 'பாம்பும் ஏணியும்' ஆயிற்று. அதற்கு முன்னரே, 1790 ஆம் ஆண்டில், 'மனித வாழ்வின் புதிய விளையாட்டு' எனப் பொருள்படும் பலகையொன்று இலண்டனில் வெளியாயிற்று. மனித ஆயுளை 84 கட்டங்களாக வகுத்த அப்பலகை, நற்குணத்தின் பயனையும் தீக்குணத்தின் கேட்டையும் சிறுவர்க்குப் புகட்ட முயன்றது. 1843 இல் அமெரிக்காவின் சேலம் நகரில் வெளியான 'இன்ப மாளிகை' என்னும் ஆட்டமும் இத்தகையதே. இப்பலகைகள் யாவும் குழந்தைக்கு உபதேசித்தன. குழந்தை கூறுவதைச் செவிமடுக்கவில்லை.

குழந்தையைச் செவிமடுக்கும் முயற்சி உளப்பகுப்பாய்வாளரிடமிருந்தே தொடங்கிற்று எனலாம். சிக்மன்ட் புரொய்ட் 1909 இல் வெளியிட்ட 'சின்ன ஹான்ஸ்' பற்றிய ஆய்வில், ஐந்து வயதுச் சிறுவனொருவனின் அச்சத்திற்குப் பெரும்பாலும் அவனுடைய தந்தையின் வாயிலாகவே சிகிச்சை நடைபெற்றது. பின்னர் வியன்னாவில் ஹேர்மினா ஹுக்-ஹெல்முத்தும், பேர்ளினிலும் 1926 முதல் இலண்டனிலும் மெலனி கிளைனும் குழந்தையோடு நேரே பழகி அதன் விளையாட்டை ஆராய்ந்தனர். சிறு பொம்மைகளைக் கொண்டு குழந்தை ஆடும் ஆட்டம், வளர்ந்தோர் மனந்திறந்து பேசும் பேச்சுக்கு நிகரானது என்பது கிளைனின் கொள்கை. அன்னா புரொய்ட் 1927 இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்தார். மார்கிரட் லோவன்பெல்ட் 1928 இல் இலண்டனிற் சிகிச்சை நிலையமொன்றை நிறுவி, மணற்றட்டையும் சிற்றுருவங்களையும் கையாண்டார். 1947 இல் வெர்ஜினியா அக்ஸ்லைன், குழந்தை வழிகாட்டச் சிகிச்சையாளர் பின்தொடர வேண்டும் என வற்புறுத்தினார்.

இவர்கள் தம்முள் முரண்பட்டனராயினும், விளையாட்டறையில் முதலிடம் பெற்றது கட்டற்ற விளையாட்டே. பலகை விளையாட்டிலோ விதி வெளியிலிருந்து வருகின்றது; வெற்றி தோல்வி உண்டு; முறைக்காகக் காத்திருத்தல் உண்டு. குழந்தை தன் உள்ளத்தை மறைத்துக்கொள்ளும் கேடயமாகவே அது அமைந்துவிடலாம் என ஐயுறுவதற்கு இடமிருந்தது. பலகை வாயிலில் நின்றமைக்கு இதுவே தலையாய காரணமாகும்.

ஆயின் விதியின் பெருமை வேறு திசைகளில் உணரப்பட்டுக்கொண்டிருந்தது. சுவிற்சர்லாந்துச் சிறுவர்கள் கோலி ஆடுவதை ஆராய்ந்த ஜீன் பியாஜே, 1932 இல் வெளியிட்ட நூலில் முக்கியமானதோர் உண்மையை எடுத்துக்காட்டினார். இளஞ்சிறார் விதியைப் பெரியோர் இட்ட மாற்றொணாக் கட்டளையாகக் கொள்கின்றனர். வளர்ந்த சிறுவரோ அதனைத் தம்முள் உடன்பட்டு மாற்றத்தக்க ஒப்பந்தமாக உணர்கின்றனர். 1933 இல் விரிவுரையாற்றிய இரஷ்ய உளவியலாளர் வைகொட்ஸ்கி, விளையாட்டின் விதிக்குக் கீழ்ப்படியும்போதே குழந்தை தன் உடனடி உந்தலை அடக்கப் பழகுகின்றது என்றார். விதி தடையன்று, பயிற்சி என்னும் கருத்து இவற்றுள் அடங்கியிருந்தது.

மருத்துவமனை ஒன்றிலிருந்தே பலகையொன்று பிறந்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1948 இல், அமெரிக்காவின் சான்டியேகோ நகரில் இளம்பிள்ளைவாதத்திலிருந்து தேறிவந்த ஆசிரியை எலினோர் அபொட், அதே நோயுற்ற குழந்தைகளின் தனிமையைப் போக்க ஆட்டமொன்றை அமைத்தார். அதுவே 1949 இல் 'கான்டிலான்ட்' என்னும் பெயரில் வெளியாயிற்று. எழுத்தறிவோ சூழ்ச்சித்திறனோ அதற்கு வேண்டியதில்லை, நிறமறிந்தாற் போதும். ஆகவே, சிறு குழந்தையும் வளர்ந்தவரும் அதிற் சமமாயினர். சிறு குழந்தைகளின் உளச்சிகிச்சையிற் பின்னர் அது பயன்பட்டமைக்கு இச்சமத்துவமே காரணமெனலாம்.

1957 இல் ஏர்ல் லூமிஸ் எழுதிய கட்டுரை ஒரு திருப்பமாகும். ஆங்கிலேயர் 'டிராப்ட்ஸ்' என்றும் அமெரிக்கர் 'செக்கர்ஸ்' என்றும் வழங்கும் ஆட்டத்தைக் கொண்டே, சிகிச்சைக்கு இணங்காத குழந்தையின் எதிர்ப்பைக் கையாளலாம் என்பது அதன் பொருள். 1969 இல் மருத்துவர் றிச்சார்ட் கார்ட்னர் அவ்வாட்டத்தை நோயறி கருவியாகவும் சிகிச்சைக் கருவியாகவும் நோக்கினார். கேடயமெனக் கருதப்பட்டது இவ்வாறு கண்ணாடியாயிற்று. ஒரு குழந்தை கள்ளமாகக் காய் நகர்த்துகின்றது. ஒன்று தோற்குந் தறுவாயிற் காய்களைக் கலைக்கின்றது. மற்றொன்று வெல்ல அஞ்சி வேண்டுமென்றே தோற்கின்றது. நாவினாற் கூறவியலாததைக் கை கூறிவிடுகின்றது.

இங்குச் சிகிச்சையாளருக்கும் ஓர் இடர் நேருகின்றது. அவர் எப்பொழுதும் விட்டுக்கொடுத்தால், அவ்வெற்றி பொய்யென்பதைக் குழந்தை அறிந்துகொள்ளும். எப்பொழுதும் வென்றால், முன்னரே தாழ்வுணர்ச்சியால் நலிந்த குழந்தை மேலும் நலியும். தாம் சில காய்கள் குறைவாக வைத்து ஆடுவதாக வெளிப்படையாகவே உடன்பட்டுக்கொள்வது நேர்மையானதொரு வழி. பியாஜே கூறிய ஒப்பந்தம் அவ்விடத்திலேயே உருவாகின்றது.

1970 களிற் சிகிச்சைக்கெனவே பலகைகள் அமைக்கப்பட்டன. 1973 இல் கார்ட்னர் வெளியிட்ட 'பேசுதல், உணர்தல், செய்தல்' என்னும் ஆட்டத்தில், தாயக்கட்டையை உருட்டிக் காய் நகர்த்துவோர் சீட்டு எடுத்து, அதிலுள்ள வினாவுக்கு விடையளித்தால் வில்லையொன்றைப் பரிசாகப் பெறுவர். சிகிச்சையாளரும் தம் முறை வரும்போது விடை கூறவேண்டும். தொண்டை நோயினாற் சில காலம் பேசாதிருக்க நேர்ந்த ரியா சாகிச் என்னும் அமெரிக்கப் பெண்மணி, தம் குடும்பத்தினருக்கென எழுதிய வினாச்சீட்டுக்களிலிருந்து வெற்றி தோல்வியற்ற 'அன்கேம்' என்னும் ஆட்டம் உருவாயிற்று. 1986 இல் சார்ல்ஸ் ஷேபரும் ஸ்டீவன் றீட்டும் தொகுத்த நூல் இத்துறைக்குத் தனியிடம் தேடித்தந்தது.

இவ்வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தருகின்றது. சீட்டிலுள்ள வினாவுக்குச் சரியான விடை இதுவே எனச் சிகிச்சையாளர் முன்னரே முடிவு செய்துவிட்டால், அப்பலகை 1790 ஆம் ஆண்டின் உபதேசப் பலகையாகவே மீண்டும் மாறிவிடும். காத்திருத்தலும் தோல்வியைத் தாங்குதலும் பிறர் முறையை மதித்தலும் சொல்லிக்கொடுத்து வருவனவல்ல. எதிரே அமர்ந்து உண்மையாக ஆடும் ஒருவருடன் ஆடிப்பெறுவன. குழந்தைக்கு வேண்டியது பலகை மட்டுமன்று. தோற்றபோதும் எழுந்து செல்லாது, மீண்டும் காய்களை அடுக்கத் துணைநிற்கும் ஒருவருமே.